கருவுறுவதற்கு முன்னரே உடற்சோதனை

கிராமச் சுகாதார நிலையங்களில் வைக்கப்படும் கர்ப்பிணிப் பதிவேட்டில், பன்னிரண்டு வாரங்களுக்குள் பெயர் பதிந்துகொண்ட பெண்களை 'முன்கூட்டிப் பதிந்தவர்கள்' என்று தனியே எண்ணிக் காட்டுவது வழக்கம். அவ்வெண்ணிக்கை உயர்ந்தால் ஊழியர் பாராட்டப் பெறுகிறார், அது நியாயமே. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுத் தாய்மார்களில் நூற்றுக்கு எழுபது பேர் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு முறையேனும் சோதனை செய்துகொண்டிருக்கின்றனர்.

ஆனால் கருவின் கணக்கு வேறு. பன்னிரண்டாம் வாரம் நம் பதிவேட்டிற்கு முற்பட்ட காலமாக இருக்கலாம். கருவிற்கோ அது பிற்பட்ட காலம். இதயம், முதுகுத் தண்டு, கைகால்கள், கண், செவி ஆகியவற்றின் அமைப்பு பெரும்பாலும் முடிந்த பின்னரே பல பெண்கள் முதன்முதலாகச் செவிலியரின் எதிரே வந்து அமர்கின்றனர். அதன் பிறகு அவ்வுறுப்புகள் வளர்கின்றன, முதிர்கின்றன. அடிப்படை அமைப்பில் நேர்ந்துவிட்ட பிழையைத் திருத்துவதற்கு மாத்திரையாலோ ஊசியாலோ இயலாது. ஆகவே, தாயின் உடல்நிலையைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டிய தக்க காலம் கரு தங்குவதற்கு முந்திய சில மாதங்களே என்பதை மருத்துவர்கள் இன்று வற்புறுத்துகின்றனர். இது செல்வர்கள் நகரத்து மருத்துவ மனையில் செய்துகொள்ளும் ஓர் ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அவ்வெண்ணம் தவறு. இச்சோதனையின் பெரும்பகுதியை ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம்.

நாட்கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு ஜூன் 1-ஆம் தேதி மாதவிலக்குத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 28 நாளைக்கு ஒருமுறை விலக்கு வருபவளாயின், ஜூன் 15-ஐ ஒட்டிக் கரு உண்டாகும். அடுத்த விலக்கு வரவேண்டிய நாள் ஜூன் 29. அன்று வரவில்லை. அலைச்சலால் தள்ளிப் போயிருக்கும், ஒரு வாரம் பார்க்கலாம் என்கிறார் மாமியார். ஒரு வாரம் இரு வாரமாகிறது. இதற்குள் ஜூலை 13, அதாவது கரு உண்டான 28-ஆம் நாள், வந்துவிடுகிறது. மூளையாகவும் முதுகுத் தண்டாகவும் ஆக வேண்டிய நரம்புக் குழல் அந்த நாளுக்குள் மூடிக்கொண்டிருக்க வேண்டும். 'முழுகாமல் இருக்கிறாள்' என்ற செய்தி வீட்டிற்குள்ளேயே இன்னும் உறுதிப்படவில்லை. இப்பெண்ணுக்குப் பன்னிரண்டு வாரம் நிறைவது ஆகஸ்டு 24-ஆம் தேதி. அன்று அவள் வந்து பதிந்துகொண்டால் நம் ஏட்டில் 'முன்கூட்டிப் பதிந்தவள்'. நரம்புக் குழலின் கதையோ அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது.

இக்குழல் தொடக்கத்தில் குழலாக இருப்பதில்லை. கருவின் முதுகுப் புறத்தில் ஒரு தட்டையான தகடாகத் தோன்றுகிறது. பின்னர் அதன் இரு விளிம்புகளும் எழும்பி, வெற்றிலையைச் சுருட்டினாற்போல் வளைந்து, ஒன்றையொன்று தொட்டு இணைகின்றன. தலைப்பக்கத்து முனை மூடாமல் நின்றால் மூளையும் மண்டை ஓடும் சரிவர அமைவதில்லை. அத்தகைய குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாமல் நின்றால் முதுகெலும்பில் பிளவு ஏற்படுகிறது. கால்கள் வலுவிழக்கலாம், சிறுநீரும் மலமும் கட்டுக்கு அடங்காமல் போகலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ நான்கு என்ற அளவில் இக்குறை காணப்பட்டது. பிரசவ அறையில் ஒருமுறை அத்தகைய குழந்தையைக் கண்ட செவிலியர், இந்த நாட்கணக்கை மறக்க மாட்டார்.

ஓர் இலைச் சத்தின் வரலாறு

இக்குறையைப் பெருமளவு தடுக்கும் பொருள் போலிக் அமிலம். அதன் வரலாற்றில் நம் நாட்டிற்குப் பெரும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி இந்தியாவிற்கு வந்தார். பம்பாயில் நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு ஒரு கொடிய சோகை வந்துகொண்டிருந்தது. இரும்புச் சத்து கொடுத்தும் அது தீரவில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிறுப்பதற்கு மாறாகப் பெருத்துக் காணப்பட்டன. நோயுற்ற பெண்களின் உணவையும் வாழ்க்கையையும் வில்ஸ் ஆராய்ந்தார். பம்பாய் ஹாப்கின் நிலையத்திலும், நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையிலும் அவருடைய பணி நடந்தது. இறுதியில், விலை மலிவான ஈஸ்ட் சாறு அச்சோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து இன்னதென்று அப்போது தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே அதை அழைத்தனர். 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் ஸ்பினாச் கீரையிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவர்கள் எல்லோரும் கருதியது தாயின் சோகையை மட்டுமே. அதே சத்து கருவின் முதுகுத் தண்டையும் காக்கும் என்பது உறுதிப்பட மேலும் பல்லாண்டுகள் சென்றன. நரம்புக் குழல் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்றிருந்த பெண்களைக் கொண்டு, ஏழு நாடுகளில் 33 மருத்துவ நிலையங்களில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. கரு தங்குவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் போலிக் அமிலம் உண்டவர்களுக்கு, அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. 1991-இல் இம்முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டு, முன்பு அத்தகைய குழந்தையைப் பெறாத பெண்களுக்கும் இச்சத்து பயன் தருகிறது என்பதை ஹங்கேரி நாட்டுச் சோதனை காட்டியது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இத்தகைய ஒரு சோதனையைப் பல நகரங்களில் நடத்திக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் முடிவு வெளிவந்ததும், சத்துக் கொடுக்காத ஒரு பிரிவை வைத்துக்கொள்வது முறையன்று எனக் கருதி அது நிறுத்தப்பட்டது.

இச்சோதனைகளில் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாத்திரை கரு தங்குவதற்கு முன்னர்த் தொடங்கப் பெற்றது. பன்னிரண்டாம் வாரத்தில் தொடங்கும் மாத்திரை வீண் என்று சொல்லவில்லை. அது தாயின் இரத்தத்திற்கு மிகவும் தேவை. ஆயினும் நரம்புக் குழலுக்கு அது உதவாது. மத்திய அரசாங்கத்தின் 'சோகையற்ற பாரதம்' திட்டம் 2018-இல் வகுத்த நெறிமுறை, கருவுற எண்ணும் பெண் அதற்கு முன்பிருந்தே தொடங்கி முதல் மூன்று மாதம் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உண்ண வேண்டும் என்று கூறுகிறது. வாரந்தோறும் கொடுக்கப்படும் இரும்பு மாத்திரையிலும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உண்டே, அது போதாதா என்று சில ஊழியர் கேட்பதுண்டு. வாரத்திற்கு ஒருமுறை கிடைக்கும் 500, நாள்தோறும் கிடைக்க வேண்டிய 400-க்கு ஈடாகாது. முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற பெண்ணுக்கு இதைப்போல் பத்து மடங்கு வேண்டும். அதை டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கீரையும் பயறும் நல்லனவே. எனினும் நெடுநேரம் வேகவைத்து, நீரை வடித்து, மறுமுறை சுடவைக்கும் நம் வழக்கத்தில் இச்சத்தில் பெரும்பகுதி அழிந்துபோகிறது.

இரத்தமும் எடையும்

சோதனைக்கு வரும் பெண்ணின் உயரம், எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஹீமோகுளோபினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்கூறிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையவர்களாகக் காணப்பட்டனர். கர்ப்பிணிகளில் அது 52 ஆக இருந்தது. அதாவது, சோகை கர்ப்பத்தால் வருவது என்று நாம் பேசிவருவது முழு உண்மையன்று. நம் பெண்களில் பலர் சோகையோடுதான் கர்ப்பத்திற்குள் நுழைகின்றனர். கர்ப்பம் முழுவதற்கும் ஏறத்தாழ 1 கிராம் இரும்பு தேவைப்படுகிறது. இரத்தத்தின் அளவோ கிட்டத்தட்டப் பாதி அளவு கூடுகிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். 8 கிராமுடன் கர்ப்பம் தொடங்கியவள், குமட்டலும் வாந்தியும் உள்ள முதல் மூன்று மாதங்களில் இரும்பு மாத்திரையை உட்கொள்ளவும் முடியாமல், பின்னர் எஞ்சிய ஆறு மாதங்களில் அக்கடனை அடைத்து மேற்கொண்டும் சேமிப்பது எளிதன்று. அவளே கரு தங்குவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பு வந்திருந்தால், குடற்புழு நீக்க மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்து நிறைந்த இரத்தத்துடன் கர்ப்பத்தைத் தொடங்கச் செய்திருக்கலாம். மாத்திரையைத் தேநீருடனும் காப்பியுடனும் உட்கொள்ளலாகாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்கு உடலிற் சேரும். கழனி வேலைக்குச் செல்பவர் காலில் செருப்பு அணிய வேண்டும் என்பதையும் கூடவே சொல்லலாம். கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே உடலிற் புகுகின்றது.

எடையைப் பற்றியும் நம் நாட்டிலேயே ஆய்வுகள் நடந்துள்ளன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 6,500-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்டது. 2014-இல் வெளியான முடிவு படிப்பினை மிக்கது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கரு தங்குவதற்கு மூன்று மாதமாவது முன்னர்த் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரி 48 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. கர்ப்ப காலச் சர்க்கரை நோயும் சிற்றுண்டி பெற்ற பிரிவில் குறைந்திருந்தது. 48 கிராம் சிறிய அளவுதான், மிகைப்படுத்திக் கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு சிற்றுண்டி கூடத் தொடங்கிய காலத்தைப் பொறுத்தே பயன் தந்தது என்பது நம் கவனத்திற்கு உரியது. தில்லியில் 13,500 பெண்களைக் கொண்டு நடந்து 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கருவுறுமுன்னும் கர்ப்பத்திலும் மருத்துவம், உணவு, தூய்மை, மனநலம் ஆகியவற்றை ஒருசேரக் கவனித்தபோது, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

ருபெல்லா: ஒரு தலைமுறையின் இடைவெளி

ருபெல்லா என்பது சிறுவர்களுக்கு வந்து மூன்று நாளில் மறைந்துபோகும் மெல்லிய காய்ச்சல், உடலில் சிறு தடிப்பு. தாய் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதைப் பெற்றால், பத்துக் கருக்களில் ஒன்பது வரை ஊனமடையக்கூடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பல குழந்தைகளின் தாய்மார் கர்ப்ப காலத்தில் ருபெல்லாவால் பீடிக்கப்பட்டிருந்தனர் என்பதைக் கண்டறிந்தார். கண்புரை, செவிடு, இதயக் குறை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமியைக் கொண்டது ஆதலால் கர்ப்பிணிக்கு அதனைப் போடுவதில்லை. போட்டுக்கொண்ட பின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இது கருவுறுவதற்கு முன்னர் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

நம் நாட்டில் தட்டம்மை-ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில், தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில் தொடங்கி, பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அது போடப்பட்டது. ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். ஊசி போடப்பட்டது பெரும்பாலும் பள்ளிகளிலேயே. அன்று பதினைந்து வயதைக் கடந்திருந்த பெண்கள் அவ்வியக்கத்தில் விடுபட்டனர். இன்று மணமாகித் தாய்மையை எதிர்நோக்கி நிற்கும் பலர் அவர்களே. தனியார் மருத்துவரிடம் குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டுக்கொண்டவரும், நோய் வந்து போனவரும் அவர்களுள் இருப்பர். ஆயினும் சான்று இல்லாதவர் டாக்டரிடம் கேட்டு இரத்தச் சோதனையோ ஊசியோ செய்துகொள்வது நலம். முன்பே எதிர்ப்பாற்றல் உள்ளவருக்கு இன்னொரு முறை ஊசி போடுவதால் தீங்கில்லை.

மறைந்திருக்கும் நோய்கள்

சர்க்கரை நோய் உள்ள பெண்ணின் இரத்தத்திலுள்ள மிகுதியான சர்க்கரை கருவினிடமும் செல்கிறது. இதயமும் நரம்புக் குழலும் உருவாகும் வாரங்களில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் அவ்வுறுப்புகளில் குறை நேரும் வாய்ப்பு மிகுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையின் அளவு நூற்றுக்கு 6.5-க்குக் கீழே வந்த பின்னர்க் கருவுறுவது நன்று என்பர் மருத்துவர். முன் கர்ப்பத்தில் சர்க்கரை தோன்றிப் பிரசவத்திற்குப் பின் மறைந்த பெண்ணை, 'அது போய்விட்டது' என்று விட்டுவிடலாகாது. அடுத்த குழந்தையை நினைக்குமுன் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இதயத்தைச் செவிக்குழல் கொண்டு கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். நம் நாட்டில் சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத் தடுக்கிதழ் சுருங்கிப்போய், அதை அறியாமலே வாழும் இளம்பெண்கள் இன்றும் உள்ளனர். இரத்த அளவு கூடும் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அவர்களுக்குத் திடீரென்று மூச்சுத் திணறல் வருகிறது. முன்பே தெரிந்தால் சிகிச்சை செய்துகொண்ட பின் கருவுறலாம். சிலருக்குக் கர்ப்பமே ஆபத்து என்றும் சொல்லிவைக்கலாம். இவ்வளவு மலிவான சோதனையை இவ்வளவு பேர் செய்துகொள்ளாமல் இருப்பது வருந்தத்தக்கது.

உட்கொண்டுவரும் மருந்துகளைத் தவறாமல் கேட்க வேண்டும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் என்னும் மருந்தை உட்கொள்ளும் தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை நேர்கிறது. இதைக் கேட்டதும் அப்பெண் தானாக மருந்தை நிறுத்திவிட்டால் வலிப்பு பெருகி உயிருக்கே கேடு வரலாம். எனவே ஊழியர் சொல்ல வேண்டிய சொல் 'நிறுத்து' என்பதன்று. 'கருவுறுமுன் டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்' என்பதே. சில இரத்த அழுத்த மருந்துகளுக்கும் முகப்பரு மாத்திரைக்கும் இதுவே பொருந்தும். ஆண் குழந்தை பிறப்பதற்கென்று நாட்டு மருந்து கொடுப்போர் வடமாநிலங்களில் உள்ளனர். ஹரியானாவில் நடந்த ஆய்வுகள் அத்தகைய மருந்துகளுக்கும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளன.

தைராய்டுச் சுரப்பி, மேகநோய், எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி வகை ஆகியவற்றிற்கான இரத்தச் சோதனைகளும், இரத்தப் பிரிவு அறிதலும் இதனுடன் சேரும். மேகநோய் பென்சிலின் ஊசியால் தீர்வது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒருசேரச் செய்யாவிடின் மீண்டும் தொற்றும்.

தாலசீமியாவும் அரிவாள் அணு நோயும்

இவ்விரண்டும் இரத்தத்தின் மரபு வழி நோய்கள். தந்தை, தாய் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்ற குழந்தைதான் நோயாளியாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயைச் சுமப்பவர். அவர் நம்மைப்போல் உழைத்து வாழ்கிறார், தாம் சுமப்பவர் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தியரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் தாலசீமியாவைச் சுமப்பவர்கள். சுமப்பவர் இருவர் கணவன் மனைவியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு உண்டு. அக்குழந்தை வாழ்நாள் முழுதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று பெற்றோர் நினைப்பதுண்டு. அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது என்பதை ஆசிரியர்கள் சீட்டுக்களையோ இருநிற விதைகளையோ கொண்டு வகுப்பிலேயே விளக்கிக் காட்டலாம்.

அரிவாள் அணுப் பண்பு இந்தியாவில் இருப்பது 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது. அதை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் தொடங்கப்பெற்று, நாற்பது வயது வரையிலானோருக்குச் சோதனை செய்து அட்டை வழங்குகிறது. அவ்வட்டை உள்ள மணமக்கள் இருவரின் அட்டைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும். தனியே ஒருவருடைய அட்டை கருவைப் பற்றி அதிகம் சொல்லாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இச்சோதனையின் முடிவு ஊரில் பரவினால் பெண் தள்ளிவைக்கப்படுகிறாள். அவளுடைய தங்கையின் திருமணமும் தடைப்படுகிறது. சுமக்கும் ஆணைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சோதனையை மற்றொரு சாதகப் பொருத்தமாக ஆக்கிவிட்டால் மக்கள் அதை அஞ்சி ஒதுங்குவர். முடிவை அத்தம்பதிகளிடம் மட்டுமே கூற வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் எந்த வாரத்தில் கருவைச் சோதிக்கலாம் என்பதையும் அப்போதே டாக்டர் மூலம் தெரிவிக்க வேண்டும்.

கணவர்

இதுவரை கூறியதில் பெரும்பகுதி பெண்ணைப் பற்றியதாக அமைந்துவிட்டது. கணவரும் உடன் வர வேண்டும். ஆணின் விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே புகையிலையையும் மதுவையும் விடுவதானால், அவரும் மூன்று மாதத்திற்கு முன்பே விட வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 38 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாகக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. வீட்டிற்குள் புகைபிடிக்கும் கணவரின் புகையைக் கர்ப்பிணியும் சுவாசிக்கிறாள்.

சொல்லும் முறை

மணமான சில மாதங்களில் 'சோதனை செய்துகொள்ளுங்கள்' என்று ஊழியர் சொன்னால், மாமியாரின் காதில் அது 'மருமகளிடம் குறை இருக்கிறது' என்றே விழும். குழந்தை பிறக்குமா என்று பார்க்கும் சோதனை அன்று இது. பிறக்கப்போகும் குழந்தைக்கு வழியைச் செப்பனிடும் சோதனை என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறிவிட வேண்டும். நாற்று விடுமுன் வயலை உழுது எரு இடுகிறோம். நட்ட பின் உழுவதில்லை. உழவர் வீட்டில் இவ்வுவமை உடனே புரிகிறது. மருமகளைத் தனியே அழைக்காமல் தம்பதிகள் இருவரையும் அழைப்பதும், இரத்தம் எடுப்பதை இருவருக்கும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதும் ஐயத்தைக் குறைக்கும்.

குடும்ப நலத்திற்கென 2016-இல் தொடங்கிய 'மிஷன் பரிவார் விகாஸ்' திட்டத்தின் கீழ், சில மாநிலங்களில் புதுமணத் தம்பதிகளுக்கு ஆஷா ஊழியர் 'நயீ பஹல்' என்னும் பையைக் கொடுக்கின்றனர். அவ்வீட்டு வாயிலில் நிற்கும் நேரமே இச்செய்திக்கு உரிய நேரம். ஊசிக்குப் பின் ஒரு மாதமும், சோகை தீரும் வரையும் கருத்தடை முறை ஒன்றைக் கையாளுமாறு சொல்வதும் அப்போது இயல்பாகவே அமையும்.

புதுமணத் தம்பதிகளை எல்லா இடங்களிலும் எட்ட இயலாமற் போகலாம். ஆனால் இரண்டாவது குழந்தைக்கு முன்னர்த் தாய் தானாகவே நம்மிடம் வருகிறாள். ஒரு பிரசவத்திற்குப் பின் அடுத்த கரு தங்க இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அவ்விடைவெளியில், குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறையும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள் மற்றொரு முறையும் தட்டம்மை-ருபெல்லா ஊசிக்காக அவள் வந்து நிற்கிறாள். இதுவரை அந்த நாளில் குழந்தையின் எடையை மட்டுமே எழுதியிருக்கிறோம். தாயின் ஹீமோகுளோபினையும் இரத்த அழுத்தத்தையும் அன்றே பார்க்கலாம். முன் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, வேறு மருந்து ஏதேனும் உண்கிறாளா என்று கேட்கலாம். அடுத்த குழந்தையை எப்போது எண்ணியிருக்கிறாள் என்று கேட்டு, அத்தேதிக்கு மூன்று மாதத்திற்கு முன்னர்ப் போலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டிய நாளைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே ஓர் ஓரத்தில் குறித்துக் கொடுத்துவிடலாம். அந்த அட்டையை அவள் தொலைப்பதில்லை.